காயில் வாங்கும் முன் மண்ணைப் பாருங்கள்: ஜிபிஎக்ஸ் 5000-க்கு நான் மாட்டும் காயில்கள்

இது மெஷினுக்கான ரிவ்யூ இல்லை. மைன்லேப் ஜிபிஎக்ஸ் 5000 என்ற தங்கம் தேடும் மெட்டல் டிடெக்டர் வெளிவந்தது 2010-ல், அதைப் பற்றி எழுத வேண்டியதையெல்லாம் பலரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நான் எழுத வந்தது அதன் கைத்தண்டின் அடியில் மாட்டி மண்ணுக்கு மேல் வீசும் தட்டுகளான காயில்களைப் பற்றி, அதுவும் ஒரு குறிப்பிட்ட மண்ணில் அவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பற்றி. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் தங்க முக்கோணம் என்று சொல்லப்படும் பகுதி, அதாவது டனாலி, மொலியாகல், டார்னகுல்லா, இங்கிள்வுட், வெட்டர்பர்ன் சுற்றுவட்டாரம்தான் நான் போகும் இடம். மெல்பர்னிலிருந்து காரில் இரண்டு, இரண்டரை மணி நேரம். நம்ம ஆட்களும் இப்போது மைனர்ஸ் ரைட் என்ற தங்கம் தேடும் உரிமம் எடுத்துக்கொண்டு வார இறுதிகளில் இந்தப் பக்கம் வர ஆரம்பித்திருக்கிறார்கள், அவர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி பெரும்பாலும் "எந்த காயில் அதிக ஆழம் போகும்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: எந்த மண்ணில்?

அவசரக்காரர்களுக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்துக்கு ஒரே ஒரு காயில்தான் கூடுதலாக வாங்க முடியும் என்றால் 14×9 இஞ்ச் நீள்வட்ட மோனோ (ஒரே கம்பிச் சுருள் கொண்டது) வாங்குங்கள். நான் பயன்படுத்துவது நகெட் ஃபைண்டர் நிறுவனத்தின் எவல்யூஷன். ஆனால் மெஷினோடு வந்த 11 இஞ்ச் டபுள்-டி (இரண்டு சுருள் கொண்ட) காயிலை மட்டும் விற்றுவிடாதீர்கள். எல்லோரும் முதலில் விற்பது அதைத்தான், இந்த மண்ணில் ஒரு நாள் அது இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டி வரும். 17 இஞ்ச் மாதிரிப் பெரிய காயில் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன், அதில்தான் நம்மவர்கள் பணத்தை அதிகம் கொட்டுகிறார்கள்.

சரி, முதலில் மண். இந்தப் பக்கத்துச் செம்மண்ணில் ஒரு காந்தத்தைப் பாலித்தீன் பையில் போட்டு இழுத்துப் பாருங்கள், நாலடி போவதற்குள் பை முழுக்கக் கருப்பும் பழுப்புமாகப் பொடி ஒட்டியிருக்கும். அந்தப் பொடியில் முக்கியமாக இரண்டு சரக்கு உண்டு. ஒன்று மேக்னடைட். ஜிபிஎக்ஸ் போன்ற பல்ஸ் மெஷின் காயிலுக்குள் ஒரு மின் துடிப்பை அனுப்பி, சட்டென்று நிறுத்திவிட்டு, அப்புறம் மண்ணிலிருந்து என்ன திரும்பி வருகிறது என்று காது கொடுக்கும். துடிப்பு இருக்கும்போது மட்டும் காந்தமாகி, அது நின்றதும் கூடவே அடங்கிவிடும் பெரிய மேக்னடைட் துகள்கள் இதற்குப் பெரிய தொல்லை இல்லை, தாழ் அதிர்வெண் அலையை இடைவிடாமல் அனுப்பும் விஎல்எஃப் மெஷின்களைத்தான் அவை திணறடிக்கும். இன்னொன்று மேகமைட், அதுவும் மிக மிக நுண்ணிய துகளாக. இதுதான் வில்லங்கம். துடிப்பு நின்ற பிறகும் இது தன் காந்தத்தை உடனே விடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும், ஆகவே மெஷின் காது கொடுக்கும் அதே நேரத்தில் மண்ணும் முனகிக்கொண்டே இருக்கும். சின்னத் தங்கத் துணுக்கின் சிக்னலோ சில மைக்ரோ வினாடிகளில் அணைந்துவிடக்கூடியது. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுகின்றன. காட்டுத்தீ பட்ட இடங்களில் இது இன்னும் மோசம், ஏனென்றால் மண்ணில் உள்ள இரும்பு ஆக்சைடு, மட்கிய இலை தழையோடு சேர்ந்து சூடாகும்போது மேகமைட்டாக மாறுகிறது. எரிந்துபோன பழைய மரக்கட்டையைச் சுற்றி காயிலை வீசிப் பாருங்கள், மண்ணில் ஒன்றுமே இருக்காது, மெஷின் மட்டும் ஊளையிடும்.

கிரவுண்ட் பேலன்ஸ் எதற்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். கைப்பிடியில் உள்ள பச்சை பட்டனை அழுத்திக்கொண்டு காயிலை மேலும் கீழும் பம்ப் செய்தால் அந்த முனகலை மெஷின் கழித்துவிடும், உண்மைதான். ஆனால் மண் சீராக இருக்கும் வரை மட்டும்தான். எவ்வளவு சூடான மண்ணாக, அதாவது இந்தப் பொடி நிறைந்த மண்ணாக, இருந்தாலும் அது ஒரே மாதிரி சூடாக இருந்தால் மெஷின் சமாளித்துவிடும். இங்கே பிரச்சினை என்னவென்றால், ஒரு வீச்சுக்குள்ளேயே மண் மூன்று விதமாக மாறும்: இடது பக்கம் மஞ்சள் களிமண், நடுவில் வெங்கச்சங்கல் சரளை, வலது பக்கம் இரும்புக்கல் கலந்த செம்மண். பேலன்ஸ் எதற்குச் செய்வது? நூறு நூற்றைம்பது வருஷம் முன்னால் தங்கம் தோண்டியவர்கள் அடியில் கிடந்ததை மேலே அள்ளிப் போட்ட மேடுகளில் இது உச்சத்துக்குப் போகும், எல்லா அடுக்கும் அங்கே கலந்து கிடக்கும். காயில் தேர்வு என்பது இந்த மாற்றத்தைச் சமாளிப்பதுதான், ஆழம் அப்புறம்.

இந்த மண்ணோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1869 பிப்ரவரி 5-ஆம் தேதி மொலியாகலில் ஜான் டீசனும் ரிச்சர்ட் ஓட்ஸும் எடுத்த வெல்கம் ஸ்ட்ரேஞ்சர் என்ற தங்கக் கட்டி தரைக்கு மூன்று சென்டிமீட்டர் கீழே, மர வேரை ஒட்டிக் கிடந்தது. 1980-ல் கிங்கோவரில் மெட்டல் டிடெக்டரால் கிடைத்த ஹேண்ட் ஆஃப் ஃபெய்த், 27 கிலோவுக்கு மேல் எடை, அதுவும் முப்பது சென்டிமீட்டர் ஆழத்தில்தான் இருந்தது. அப்படி மேலாகக் கிடந்த பெரியவற்றுக்குப் பின்னால் எத்தனையோ பேர் எத்தனையோ மெஷின்களோடு இங்கே நடந்துவிட்டார்கள். 1995-ல் மைன்லேப் எஸ்டி 2000 வந்த பிறகு, மைன்லேபின் புரூஸ் கேண்டி உருவாக்கிய, வெவ்வேறு நீளத் துடிப்புகளை அனுப்பும் முறையால், அதற்கு முன் விஎல்எஃப் நுழையவே முடியாத மண்ணிலும் ஆட்கள் அள்ளினார்கள். மிச்சம் இருப்பது மூன்று வகை: மிகச் சிறியது, மிக ஆழமானது, அல்லது மண்ணின் இரைச்சலுக்குள் ஒளிந்து கிடப்பது. முதல் இரண்டையும் தேடிப் பலரும் போகிறார்கள். மூன்றாவதற்குத்தான் சரியான காயில் வேண்டும்.

இனி காயில்கள்.

மெஷினோடு வந்த 11 இஞ்ச் டபுள்-டி, மைன்லேபின் கமாண்டர் வரிசை. இரண்டு 'டி' வடிவச் சுருள்கள் முதுகோடு முதுகாக நடுவில் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும். ஒன்று அனுப்பும், மற்றொன்று கேட்கும். இது கூர்ந்து பார்ப்பது நடுவில் முன்னிருந்து பின்னாக ஓடும் ஒரு பட்டையை மட்டும்தான், அதனால் ஒரே நேரத்தில் இது பார்க்கும் மண் குறைவு. மண் குறைவு என்றால் முனகலும் குறைவு, மாற்றமும் குறைவு. அமைதியான மண்ணில் இதே அளவுள்ள மோனோவை விட ஆழம் குறையும் என்பது நிஜம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நான் மேலே சொன்ன கலப்பு மேடுகளில், இரும்புக்கல் சரளையில், உயர் அழுத்த மின்கம்பிக்குக் கீழே, உப்புப் பூத்த ஓடைப் படுகையில் எல்லாம் இது அமைதியாக ஓடுகிற அளவுக்கு வேறெதுவும் ஓடாது. முன்பக்க சுவிட்சில் கேன்சல் என்று ஒரு நிலை இருக்கிறது, அது டபுள்-டி காயிலுக்கு மட்டும்தான். இரண்டு சுருளையும் எதிரெதிராக வைத்து வெளி மின் இரைச்சலைக் கழித்துவிடும். ஆழம் நன்றாகவே அடிவாங்கும், இருந்தாலும் வேறு வழியே இல்லாத இடத்தில் வேலை நடக்கும்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம், டபுள்-டி மாட்டினால் டைமிங்கில் கிடைக்கும் சுதந்திரம். டைமிங் என்றால் துடிப்பு எப்படிப் போக வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்ற அமைப்பு, ஜிபிஎக்ஸ் 5000-ல் அப்படி எட்டு இருக்கிறது. நார்மல் என்பது பலவித அளவுத் தங்கத்துக்கும் நல்ல ஆழம் தருவது, ஆனால் சூடான மண்ணில் மோனோவோடு நார்மல் போட்டால் காது கிழியும், வேறு வழியில்லாமல் என்ஹான்ஸ் அல்லது ஃபைன் கோல்டுக்கு இறங்க வேண்டும். இறங்கினால் மண் அடங்கும், கூடவே ஆழத்தில் கிடக்கும் சில பெரிய கட்டிகளின் சிக்னலும் அடங்கும். அதே மண்ணில் டபுள்-டி மாட்டினால் பல நேரம் நார்மலிலேயே இருந்துவிடலாம். ஆகவே மோனோவா டபுள்-டியா என்று தனித்தனியாக ஒப்பிட்டால் விடை கிடைக்காது. என்ஹான்ஸில் ஓடும் மோனோவா, நார்மலில் ஓடும் டபுள்-டியா என்று ஒப்பிட வேண்டும், அப்படிப் பார்த்தால் சில மேடுகளில் பெட்டியோடு வந்த இந்த டபுள்-டிதான் ஜெயிக்கும். "அது பிகினர் காயில், முதலில் தூக்கிப் போடுங்கள்" என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

11 இஞ்ச் மோனோ கமாண்டர். ஒரே சுருள், அதுவே அனுப்பும், அதுவே கேட்கும். இதன் பார்வை மேலே அகலமாகத் தொடங்கிக் கீழே போகப் போகக் கூம்பாகக் குறுகும். சுருளின் விளிம்புக்கு அடியில்தான் உணர்திறன் மிக அதிகம், அதனால் சின்னத் துணுக்குகளை விளிம்பில் நன்றாகப் பிடிக்கும், மண்ணையும் அதே விளிம்பில் நன்றாகப் பிடிக்கும்! நடுத்தர மண்ணுக்கு மிக நல்ல காயில். சரளை மண் மூடிய சரிவுகளில், களிமண் வெளிறிப்போன இடங்களில் நார்மலிலேயே ஓடும். குறை என்று சொல்லப் போனால் வட்டமாக இருப்பதுதான். இங்கே யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே விழுந்து கிடக்கும் கிளைகள், புதர், கட்டை என்று எங்கும் தடை, வட்டக் காயிலை நுழைக்க முடியாத இடுக்குகள் நிறைய.

அந்த இடத்தில்தான் 14×9 வருகிறது. நகெட் ஃபைண்டர் எவல்யூஷன் வரிசையில் சுருளைக் கட்டாகக் கட்டாமல் தட்டையாகப் பரப்பிச் சுற்றியிருக்கிறார்கள், பழைய கட்டுச் சுருள் காயில்களை விடச் சின்னத் தங்கத்துக்கு இது கூர்மை. மேரிபரோ ஊரிலேயே இருக்கும் காயில்டெக் நிறுவனத்தின் எலீட் வரிசையிலும் இதே போன்ற அளவு கிடைக்கும், ஒரு நாள் கடன் வாங்கி ஓட்டியதில் அதுவும் எனக்குப் பிடித்தது. இரண்டில் எது என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள், கைக்கு எது கிடைக்கிறதோ அதை எடுங்கள். வடிவம்தான் முக்கியம். ஒன்பது இஞ்ச் அகலம் என்பதால் ஒரு நேரத்தில் பார்க்கும் மண் அடக்கமாக இருக்கிறது, பதினான்கு இஞ்ச் நீளம் என்பதால் ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் நடுவே இடைவெளி விழாமல் நிலத்தை மூட முடிகிறது. மூக்கை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நுழைக்கலாம், பள்ளத்துக்குள் இறக்கிப் பார்க்கலாம், கல் பிளவுக்குள் நீட்டலாம்.

ஒரு சரிவை உதாரணமாகச் சொல்கிறேன். பழைய மேலோட்டமான குழிகளின் ஓரத்தில், மஞ்சள் களிமண்ணும் செம்மண்ணும் சந்திக்கிற ஒரு கோடு. மோனோவை நார்மலில் வைத்து அந்தக் கோட்டுக்குக் குறுக்கே வீசினால் ஒவ்வொரு வீச்சிலும் அதே இடத்தில் த்ரெஷோல்டு, அதாவது காதில் ஓயாமல் கேட்கும் மெல்லிய அடிச்சத்தம், உப்பி இறங்கும், நீளமாக, சோம்பலாக, அகலமான முனகலாக. எல்லோரும் அதை மண் என்று ஒதுக்கிவிட்டுப் போயிருப்பார்கள், போயிருக்கிறார்கள். நான் வீசும் திசையை மாற்றி, கோட்டுக்கு இணையாக, கோட்டின் மேலேயே நீளவாக்கில் வீசினேன், ஃபைன் கோல்டில், மெதுவாக. மண் மாற்றம் இப்போது காயிலுக்குக் குறுக்கே வராததால் முனகல் அடங்கிவிட்டது, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் ஒரு சின்ன, கூரான சத்தம். காலால் மேல்மண்ணை இரண்டு இஞ்ச் சுரண்டித் தள்ளியதும் சத்தம் இன்னும் கூரானது. மண்ணின் சத்தமாக இருந்தால் சுரண்டியதும் மங்கும் அல்லது பரவும், உலோகமாக இருந்தால் கூராகும், இது காசு கொடுக்காமல் கிடைக்கும் சிறந்த சோதனை. வெளிறிய களிமண்ணின் மேல் விளிம்பில், அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிய தங்கம், ஒரு பக்கம் வெங்கச்சங்கல் இன்னும் ஒட்டிக்கொண்டு. பெரிய விலைக்குப் போகும் கட்டியெல்லாம் இல்லை. ஆனால் மேலே ஏறி இறங்கியவர்கள் அத்தனை பேரும் விட்டுப் போனது. 11 இஞ்ச் மோனோவாலும் அதைப் பிடித்திருக்கலாம். அந்தக் கட்டைகளுக்கு நடுவில் நீளவாக்கில் வீச அது இடம் கொடுத்திருக்காது, அவ்வளவுதான்.

கூர்மைக்கு விலையும் உண்டு. தட்டைச் சுருள் மோனோ சின்னத் தங்கத்தைக் கேட்பது போலவே இரும்புக்கல்லையும் கேட்கும். நாங்கள் ஹாட் ராக் என்று சொல்லும் அந்தக் கல் இங்கே சில சரிவுகளில் காலடிக்கு ஒன்று கிடக்கும், மேலே கிடப்பது எல்லாம் டார்கெட் மாதிரியே பேசும். அப்படிப்பட்ட இடத்தில் காயிலை மண்ணில் தேய்ப்பது போல ஓட்டாமல் ஓரிரு இஞ்ச் தூக்கிப் பிடித்தால் பாதி கற்கள் வாயை மூடிவிடும், தங்கத்தின் சத்தம் அவ்வளவாகக் குறையாது. அதற்கும் அடங்காவிட்டால் ஃபைன் கோல்டு. அதற்கும் அடங்காவிட்டால் காயிலைக் கழற்றி டபுள்-டி மாட்டிவிடுங்கள், வீம்புக்கு மல்லுக்கட்ட வேண்டாம். நாள் முழுக்க இரைச்சலைக் கேட்ட காது சாயங்காலம் நல்ல சிக்னலையும் இரைச்சல் என்று தள்ளிவிடும்.

இப்போது பெரிய காயில். போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். "அண்ணா, கடையில 17 இஞ்ச் மோனோ எடுங்க, இரட்டை ஆழம் போகும்னு சொல்றாங்க, எடுக்கட்டுமா?"

"எங்க கொண்டு போகப் போறீங்க தம்பி?"

"வெட்டர்பர்ன் பக்கம்தான்."

"அப்ப வேண்டாம். அந்தப் பணத்துக்கு 14×9 எடுத்துட்டு, மிச்சத்துல நல்ல ஹெட்ஃபோன் ஒண்ணு வாங்குங்க."

அந்தக் கடையின் பெயரை இங்கே போடப் போவதில்லை. ஆனால் எந்த மண் என்று ஒரு வார்த்தை கூடக் கேட்காமல் காயில் விற்பது சரியில்லை என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம். இரட்டை ஆழம் என்பதெல்லாம் கிடையாது. பெரிய காயில் பெரிய கட்டியை இன்னும் ஆழத்தில் பிடிக்கும், மறுக்கவில்லை, ஆனால் காயிலின் அளவு கூடும் விகிதத்தில் ஆழம் கூடாது, சின்னத் தங்கத்தில் ஆழம் குறையவே செய்யும். காந்தப் புலம் பெரிய பரப்பில் பரவுவதால் அரை கிராம் துணுக்குக்குக் கிடைக்கும் பங்கு குறைந்துவிடுகிறது. அதை விட முக்கியம், பெரிய காயில் பெரிய மண்ணைப் பார்க்கிறது. சந்தை நடுவில் நின்று ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்க வேண்டுமென்றால் காதைப் பெரிதாக்கி என்ன பயன், சந்தை இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகும். நண்பருடைய 17 இஞ்ச் மோனோவை நானும் எடுத்துப் போய் ஓட்டியிருக்கிறேன். டார்னகுல்லா பக்கத்தில் மண் வெளிறி, சீராக, திறந்த வெளியாக இருந்த ஒரு சமதளத்தில் அது அருமையாக ஓடியது, த்ரெஷோல்டு பட்டு மாதிரி. அதே காயில் இரும்புக்கல் மேட்டுக்கு வந்ததும் என்ஹான்ஸ் போட்டும் அடங்கவில்லை, ரிசீவ் கெயினை (மெஷினின் உணர்திறன்) குறைத்துக் குறைத்து, கடைசியில் பெரிய காயிலின் ஆழத்தையெல்லாம் நாமே வெட்டி எறிந்துவிட்டு நிற்கிறோம். மேற்கு ஆஸ்திரேலியாவின் விரிந்த சமவெளிகளில் பெரிய காயிலுக்கு நியாயம் இருக்கிறது, அங்கேயும் மண் சூடுதான், ஆனால் தடையில்லாமல் நீளமாக வீசி நடக்க இடம் உண்டு. அங்கும் உப்பு ஏரிக் கரைக்கு வந்துவிட்டால் கதை மாறும். உப்பு இரும்பு மாதிரி இல்லை, அது மின்சாரத்தைக் கடத்துவது, ஈரம் ஏறினால் மண்ணே ஒரு பெரிய உலோகத் தகடு மாதிரி பதில் சொல்லும். உப்புக்கு சால்ட் டைமிங், டபுள்-டி காயில், வேறு யோசனை வேண்டாம்.

மழைக்குப் பிறகு இங்கும் கொஞ்சம் இது நடக்கும், குறிப்பாகக் களிமண்ணில். கோடையில் அமைதியாக ஓடிய அதே பள்ளம் ஜூலைக் குளிர்காலத்தில் முரண்டு பிடித்தால் காயில் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள்.

புது இடத்துக்குப் போனால் நான் செய்வது இதுதான். முதலில் காந்தப் பை. அப்புறம் மோனோ மாட்டி, நார்மலில், மண் மாற மாற மெஷினே பேலன்ஸ் செய்துகொள்ளும் டிராக்கிங்கை நிறுத்தி ஃபிக்ஸ்டில் வைத்து ஓர் இடத்தில் பேலன்ஸ் செய்துவிட்டு, மறுபடி பேலன்ஸ் செய்யாமல் பத்துப் பதினைந்து தப்படி நேராக நடந்து பார்ப்பேன். த்ரெஷோல்டு நடுக்கமில்லாமல் வந்தால் மண் சீர், மோனோவும் நார்மலும் போதும், பெரிய காயிலுக்கும் அங்கே வேலை உண்டு. மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போனால் மண் படிப்படியாக மாறுகிறது, டிராக்கிங் போட்டுக்கொள்ளலாம், ஆனால் சந்தேகமான சிக்னல் வந்தால் அதன் மேலேயே திரும்பத் திரும்ப வீசாதீர்கள், மெஷின் அதையும் மண் என்று கற்றுக்கொண்டு கழித்துவிடும், உடனே ஃபிக்ஸ்டுக்கு மாற்றிவிட்டுச் சோதியுங்கள். ஒவ்வொரு அடியிலும் உப்பி இறங்கினால் அது கலப்பு மண், மோனோவுக்கு என்ஹான்ஸ் அல்லது ஃபைன் கோல்டு, அதிலும் தாங்காவிட்டால் டபுள்-டி. ஐந்து நிமிஷ வேலை. காரிலிருந்து இறங்கியதும் இருப்பதிலேயே பெரிய காயிலை மாட்டிக்கொண்டு மலையேறுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் கூப்பிட்டு இதைச் சொல்லத் தோன்றும்.

சின்ன விஷயம், ஆனால் பெரிய தலைவலி: அடிமூடி. காயிலுக்கும் அதன் பிளாஸ்டிக் மூடிக்கும் நடுவே இந்தச் செம்மண் தூசி சேரும், அதுவும் முக்கியமாகக் காந்தப் பொடி. கொஞ்ச நாளில் காயில் புல்லில் பட்டாலும் கத்தும், கல்லில் தட்டினாலும் கத்தும். மூடியைக் கழற்றித் துடைத்துவிட்டு விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. இதைக் கூடப் பார்க்காமல் நல்ல காயிலைக் குறைந்த விலைக்கு விற்றவர்களைத் தெரியும்.

வேறு மெஷின் வைத்திருப்பவர்களுக்கு: எஸ்டி 2000-லிருந்து ஜிபிஎக்ஸ் 5000 வரை ஒரே ரகக் கனெக்டர்தான், காயில்களை மாற்றி மாற்றி மாட்டலாம், இந்தக் குடும்பத்தின் பெரிய பலமே அது. 2021-ல் வந்த ஜிபிஎக்ஸ் 6000-க்கு இந்தப் பழைய காயில்கள் பொருந்தாது. அதன் பெட்டியிலேயே 11 இஞ்ச் மோனோவும் 14 இஞ்ச் டபுள்-டியும் வரும், டைமிங் தேர்வுக்குப் பதிலாக நார்மல், டிஃபிகல்ட் என்று இரண்டு மண் நிலைதான், மீதியை மெஷினே பார்த்துக்கொள்ளும். எடை குறைவு, சின்னத் தங்கத்தில் அசத்தல். அந்த 14 இஞ்ச் டபுள்-டி பெரும்பாலான வீடுகளில் பெட்டியை விட்டு வெளியே வருவதே இல்லை, மின்கம்பிக்கு அருகிலும் உப்பு மண்ணிலும் அதற்குத்தான் வேலை. ஈக்வினாக்ஸ் போன்ற விஎல்எஃப் மெஷினோடு தங்க முக்கோணத்துக்கு வருபவர்கள் 6 இஞ்ச் காயிலை மாட்டிக்கொண்டு வாருங்கள். அந்த மெஷினின் எல்லாக் காயிலும் டபுள்-டி வகைதான், இருந்தாலும் 11 இஞ்ச்சைச் சூடான மண்ணில் வைத்தால் சென்ஸிடிவிட்டியைப் பாதிக்குக் கீழே இறக்க வேண்டி வரும். சின்னக் காயில், மெதுவான வீச்சு, பாறை தெரியும் ஓடை விளிம்பு, பழைய குடியிருப்புத் தடங்கள், இதில் அது நன்றாகவே உழைக்கும். ஆழத்துக்குப் பல்ஸோடு போட்டி போட அதனால் முடியாது.

மைனர்ஸ் ரைட் ஒருமுறை எடுத்தால் பத்து வருஷம் செல்லும், தேடும் ஒவ்வொருவரும் தனித்தனியாக எடுக்க வேண்டும். தோண்டிய குழியை மூடிவிட்டு வாருங்கள். தேசியப் பூங்காக்களில் அனுமதித்த பகுதிகளைத் தவிர வேறெங்கும் காயிலை இறக்காதீர்கள், வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போனால் ஒரு சிக்கலும் இல்லை.

பழைய காயில் வாங்குவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதுசு விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது, இந்த காயில்கள் நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல வருஷம் உழைப்பவை. ஒரு தனிநபரிடம் நான் வாங்கிய காயில் ஒன்று வீட்டு வாசலில் காட்டும்போது தங்கமாக ஓடியது, காட்டுக்குப் போய்ப் புல்லில் பட்டதும் ஒவ்வொரு வீச்சுக்கும் பொய்ச் சத்தம். அதனால் வாசலிலேயே மெஷினை ஓடவிட்டு, மூடியைக் கழற்றச் சொல்லி, அடிப்பக்கத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விளிம்பைச் சுற்றி விரலால் தட்டிக்கொண்டே வாருங்கள், ஓர் இடத்தில் மட்டும் சத்தம் எழும்பினால் உள்ளே சுருள் ஆடுகிறது. கனெக்டர் ஊசிகளில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். மைன்லேப் பெயரில் போலிகளும் சுற்றுகின்றன, அதனால் சீரியல் எண்ணும் வாங்கிய ரசீதும் இல்லாத பொருளைத் தொடவே வேண்டாம். கடைசியாக, கேபிள் காயிலுக்குள் நுழையும் இடத்தை லேசாக இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள், த்ரெஷோல்டு வெட்டி வெட்டி வந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.